குழந்தைகளின் விவரத்தைக் கொட்டி நிறுவனத்தைத் தண்டிக்கலாமா?

கேள்வி:

ஐயா, நான் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டெஸ்டராக வேலை பார்க்கிறேன். என் அக்கா மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கும் ஃபீஸ் கட்டுவதற்கும் அவள் பள்ளியில் ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் லாகினில் போய், செயலி சர்வருக்கு அனுப்பும் மாணவர் எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன். வேறொரு குழந்தையின் போட்டோ, வீட்டு முகவரி, அம்மாவின் போன் நம்பர், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பது எல்லாமே வந்துவிட்டது. இன்னும் நாலைந்து எண்கள் போட்டேன். ஒன்று வேறு பள்ளிக் குழந்தையுடையது. நிறுவனத்துக்கு இரண்டு முறை மெயில் அனுப்பினேன். முதலாவதற்கு “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று தானாக வரும் பதில். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லா விவரத்தையும் இறக்கி டெலிகிராமில் போட்டால்தான் இவர்கள் திருந்துவார்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் சர்வரையாவது முடக்கிவிடலாம். ரூம் நண்பன் “ஒரு லட்சம் கேட்டுப் பார்” என்கிறான். திருடன் எடுப்பதற்கு முன்னால் நான் எடுத்துக் காட்டினால் அது நல்லதுதானே? நான் நினைப்பது தப்பா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில், அந்தச் செயலியில் இனி ஒரு எண்ணைக்கூட மாற்றிப் பார்க்காதீர்கள். ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியிருந்தால் அப்படியே மூடி வையுங்கள். மற்றக் குழந்தைகளின் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், ரூம் நண்பனுக்கும் காட்டாதீர்கள். அவற்றை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. நிறுவனங்கள் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய செயலிகளில் ஓட்டை தேடித் தருவதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். நீங்கள் கண்டது எங்கள் வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் ஓட்டை. உள்ளே வந்தவர் யார் என்று சர்வர் கேட்கிறது. அவர் கேட்கும் குழந்தை அவருடைய குழந்தைதானா என்று கேட்பதில்லை. வலைப் பாதுகாப்புக்கு உலகம் முழுக்க அளவுகோலாக வைத்துக்கொள்ளும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்த வகைக் குறைதான் முதலிடம். சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. இந்த எண் இந்தக் கணக்குக்கு உரியதா என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான குழந்தைகள் எந்த முனையில் தனியாக இறங்குகிறார்கள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் விட்டது பெரிய தப்பு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் நீங்கள் டெலிகிராமில் போட நினைப்பது அந்த நிறுவனத்தின் சொத்து இல்லை. அடகுக்கடைப் பூட்டு உடைந்து கிடக்கிறது என்று கடைக்காரருக்குப் பாடம் புகட்ட, உள்ளே இருக்கும் நகையை எல்லாம் தெருவில் கொட்டினால் இழப்பு அடகு வைத்தவர்களுக்குத்தான். இங்கே கொட்டப்போவது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முகமும் வீட்டு விலாசமும். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். வீட்டை யார் மாற்ற முடியும்?

உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய சம்பவம் ஒன்று 2015இல் நடந்தது. ஹாங்காங்கைச் சேர்ந்த விடெக் என்ற நிறுவனம் குழந்தைகளுக்கான டேப்லெட்டும் மின்னணுப் பொம்மைகளும் விற்கிறது. அதன் சர்வருக்குள் ஒருவர் நுழைந்தார். நுழைந்த வழி எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன், உங்கள் வேலையில் முதல் மாதமே சொல்லிக்கொடுப்பார்களே, படிவத்தில் தகவலுக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கான கட்டளையைத் தட்டி உள்ளே நுழைவது, அதுதான். உள்ளே ஏறத்தாழ 48 லட்சம் பெற்றோரின் கணக்குகள் இருந்தன. 63 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் விவரங்கள் இருந்தன என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டுகள் எளிதில் உடைக்கக்கூடிய பழைய முறையில் சேமிக்கப்பட்டிருந்தன. குழந்தையின் கணக்கைப் பெற்றோரின் கணக்கோடு இணைத்துப் பார்த்தால் வீட்டு முகவரி கிடைத்துவிடும். பொம்மை வழியாகப் பெற்றோரும் பிள்ளைகளும் அனுப்பிக்கொண்ட படங்களும் உரையாடல்களும்கூட அங்கே இருந்தன.

அவர் அதை இணையத்தில் கொட்டவில்லை, விற்கவும் இல்லை. மதர்போர்டு என்ற செய்தித் தளத்தின் நிருபரிடம் சொன்னார், வெளியிடப்போவதில்லை என்றும் சொன்னார். நிருபர் கேட்ட பிறகுதான் தன் சர்வரில் ஆள் புகுந்தது விடெக்குக்கே தெரிய வந்தது. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்து, 2018 ஜனவரியில் 6,50,000 டாலர் கட்டவைத்தது. இணையத்தோடு இணைந்த பொம்மைகள் விஷயத்தில் குழந்தைகளின் அந்தரங்கத்துக்காக அந்த ஆணையம் எடுத்த முதல் வழக்கு அது. அவர் உள்ளே போயிருக்காவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நடந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை மறைத்து உங்களுக்கு அறிவுரை சொல்வது நேர்மை ஆகாது.

ஆனாலும் அவர் செய்ததில் ஒரு பகுதி எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க எத்தனை குழந்தைகளின் படம் வேண்டும்? ஒன்றிரண்டு கணக்குகளின் விவரம் போதும், அதுவும் பெற்றோரைக் கேட்டுக்கொண்டு. ஜிபி கணக்கில் படங்களை இறக்கியதால் நிரூபணம் ஒரு துளிகூடக் கூடவில்லை. யார் வீட்டுப் பிள்ளைகளோ, அவர்களுடைய முகங்களின் இன்னொரு பிரதி ஒரு அந்நியரின் கணினியில் சேர்ந்தது மட்டும்தான் மிச்சம். அவர் நல்லவர் என்பதை அந்தப் பெற்றோர்கள் எதை வைத்து நம்புவது? அந்த டிசம்பரில் இங்கிலாந்தில் 21 வயது இளைஞர் ஒருவரை இந்த வழக்கில் போலீஸ் கைது செய்தது.

விடெக் திருந்தியதா என்றால், நிறுவனம் உடனே செய்த வேலைகளில் ஒன்று பயன்பாட்டு விதிமுறைகளை மாற்றியது. நீங்கள் அனுப்பும் தகவல் பாதுகாப்பாக இல்லாமல் போகலாம், பிறர் கைக்குப் போகலாம், இதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று பெற்றோர்கள் தலையிலேயே கட்டும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்கள். அவமானத்தால் ஒரு நிறுவனம் திருந்தும் என்று நம்புகிற எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவமானம் முதலில் எட்டுவது சட்டப் பிரிவையும் விளம்பரப் பிரிவையும்தான். புரோகிராம் எழுதுகிறவர் மேசைக்கு அது கடைசியாகத்தான் வருகிறது.

கொட்டியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆண்டு ஓர் உதாரணம் உண்டு. திருமணமானவர்களுக்கு ரகசிய உறவு தேடித் தருவதாக விளம்பரம் செய்த ஆஷ்லி மேடிசன் என்ற கனடியத் தளம், 19 டாலர் கட்டினால் உங்கள் விவரத்தை முழுசாக அழித்துவிடுவோம் என்று சொல்லிக் காசு வாங்கியது. ஆனால் முழுசாக அழிக்கவில்லை. இம்பாக்ட் டீம் என்று தங்களை அழைத்துக்கொண்ட ஹேக்கர்கள் 2015 ஜூலையில் இதை அம்பலப்படுத்தி, தளத்தை மூடாவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவோம் என்று மிரட்டினார்கள். மூடவில்லை. ஆகஸ்டில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை வெளியிட்டார்கள்.

அந்தத் தளத்தில் சேரும்போது மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்ப்பதே இல்லை. யார் முகவரியை யார் வேண்டுமானாலும் போடலாம். ஆகவே பட்டியலில் பெயர் இருந்தவர்களில் அந்தப் பக்கமே போகாதவர்களும் இருந்தார்கள். அப்புறம் பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் ஆளாக மெயில் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் கிளம்பின. இந்தக் கசிவோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் இரண்டு தற்கொலைகள் பற்றித் தகவல் வந்திருக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை என்று டொரொன்டோ போலீஸ் அறிவித்தது. தலைமை அதிகாரி பதவி விலகினார். அதே அமெரிக்க ஆணையம் 1 கோடியே 75 லட்சம் டாலர் விதித்து, கட்டும் சக்தி இல்லை என்று அதில் பெரும்பகுதியை நிறுத்திவைத்தது. நிறுவனம் கட்டியது சுமார் 16 லட்சம் டாலர். ஹேக்கர்கள் மூடச் சொன்ன தளம் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரைத் தண்டிக்கப் புறப்பட்டார்களோ அவர் எழுந்து நின்றுவிட்டார். 19 டாலர் கட்டி ஏமாந்தவர்தான் இரண்டாம் முறையும் அடிபட்டார்.

டெலிகிராமில் போட்டுவிட்டு வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய பாலிசி ஆவணங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் பாட்கள் (கேட்டால் தானாகப் பதில் தரும் கணக்குகள்) வழியாகக் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பாட்களை நீக்கினால் புதிய பாட்கள் முளைத்தன. உயர் நீதிமன்றத்தாலேயே திரும்ப அள்ள முடியாததை நீங்கள் எப்படித் திரும்ப அள்ளுவீர்கள்? திருடன் எடுப்பதற்கு முன்னால் நான் எடுத்துக் காட்டுகிறேன் என்கிறீர்கள். உங்களைப் போல எண்ணை மாற்றிப் பார்க்கத் தெரிந்த திருடன் அபூர்வமாகத்தான் இருப்பான். நீங்கள் போட்டுவிட்டால் அந்தத் திறமைகூட அவனுக்குத் தேவையில்லை.

எந்த ஹேக்கும் எப்போதும் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இத்தாலியில் ஹேக்கிங் டீம் என்று ஒரு நிறுவனம், அரசுகளுக்கு உளவு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தது. 2015 ஜூலையில் அதன் உள் ஆவணங்கள் சுமார் 400 ஜிபி வெளியானபோது, சூடான் உள்ளிட்ட அரசுகளோடு அது வைத்திருந்த வியாபாரம் தெரிய வந்தது. அங்கே வெளிப்பட்டது நிறுவனத்தின் சொந்தக் குற்றம். பொதுமக்களின் தகவலைக் கொட்டுவதும் அதுவும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் அந்தக் குவியலுக்குள் இணையத்தில் வீடியோ ஓட்ட அப்போது பலர் கணினியில் இருந்த அடோபி ஃபிளாஷ் மென்பொருளின் அதுவரை தெரியாத ஓட்டைகளும் கிடந்தன. சில நாள்களிலேயே குற்றக் கும்பல்கள் அவற்றை எடுத்துச் சம்பந்தமே இல்லாதவர்களின் கணினிகள்மீது பயன்படுத்தின. மொத்தமாகக் கொட்டுகிறவருக்குத் தான் என்ன கொட்டுகிறோம் என்பதே முழுதாகத் தெரியாது.

சர்வரை முடக்குவது பற்றி. நல்லது செய்கிறேன் என்று அடுத்தவர் கணினியில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003இல் ஒரு பாடம் கிடைத்தது. பிளாஸ்டர் என்ற புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் தீய மென்பொருள், விண்டோஸ் கணினிகளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தபோது, அதை அகற்றிவிட்டு மைக்ரோசாஃப்டின் திருத்தத்தைத் தானே இறக்கி நிறுவும் இன்னொரு புழுவை யாரோ எழுதி விட்டார்கள். வெல்சியா, நாச்சி என்று அதற்குப் பெயர். அடுத்தடுத்த கணினிகளைத் தேடி அது அனுப்பிய செய்திகளாலேயே வலையமைப்புகள் திணறின. ஏர் கனடாவின் பயணிகள் பதிவு பாதிக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் உள் வலையமைப்பும் தப்பவில்லை. உங்கள் விஷயத்தில் நீங்கள் சர்வரை நிறுத்தும் நேரம் மாலை நாலு மணியாக இருந்தால், எத்தனையோ அம்மாக்கள் பேருந்து எங்கே என்று தெரியாமல் தெருமுனையில் நிற்பார்கள். அதை வைத்தே நிறுவனம் “எங்கள்மீது சைபர் தாக்குதல்” என்று அறிக்கை விடும். குற்றவாளியாக இருந்தவர்கள் ஒரே நாளில் பாதிக்கப்பட்டவர்களாக மாறிவிடுவார்கள்.

நண்பன் சொன்ன ஒரு லட்சத்தை மறந்துவிடுங்கள். “ஓட்டை இருக்கிறது, பணம் கொடுங்கள், இல்லாவிட்டால்” என்று எழுதிய நிமிடமே அது பணம் பறித்தல், பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 308. “இல்லாவிட்டால்” என்று எழுதாமல் குறிப்பாக உணர்த்தினாலும் அப்படித்தான் படிக்கப்படும். ஓட்டை கண்டுபிடித்துக் காசு வாங்குவது கௌரவமான தொழில்தான். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கைப்பற்ற இடம் தந்த ஒரு குறையைச் சொன்னதற்காக 2019இல் 30,000 டாலரும், மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் கண்ட குறைக்காக 2021இல் 50,000 டாலரும் பெற்றார். ஆனால் அவை “வாருங்கள், எங்கள் அமைப்பைச் சோதித்துப் பாருங்கள், இந்த விதிகளுக்குள் செய்தால் பரிசு” என்று முன்கூட்டியே அறிவித்த நிறுவனங்கள். உங்கள் பள்ளிச் செயலி அப்படி யாரையும் அழைக்கவில்லை.

இனி சட்டம். இந்தப் பகுதி உங்களுக்குக் கசக்கும், எனக்கும் கசக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் பிரிவு 43, கணினிக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதையும் தரவை நகலெடுப்பதையும் தடுக்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சோதித்தவருக்கு விலக்கு என்று தனியாக ஒரு வரி அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதம், நல்லெண்ணப் பாதுகாப்பு ஆய்வுக்காக யார்மீதும் கணினி மோசடிச் சட்டத்தில் குற்றம் சாட்ட வேண்டாம் என்று தன் வழக்கறிஞர்களுக்குக் கொள்கை வகுத்தது. நம் நாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும். இல்லாததால் நல்லவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், ஓட்டை அப்படியே இருக்கிறது.

இது வெறும் பயம் இல்லை. 2018 ஜனவரியில் தி ட்ரிப்யூன் நாளிதழ், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்க வழி கிடைக்கிறது என்று செய்தி வெளியிட்டபோது, அந்த நிருபரின் பெயரும் இருந்த முதல் தகவல் அறிக்கைதான் பதிவானது. ஜெர்மனியில் ஒரு மென்பொருளுக்குள் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டிருந்ததைக் கண்டு சொன்ன புரோகிராமருக்கு 2024 ஜனவரியில் ஒரு நீதிமன்றம் 3,000 யூரோ அபராதம் விதித்தது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. நீங்கள் போட்ட ஐந்தாறு எண்களும் அக்காவின் லாகினிலிருந்து போயிருக்கின்றன. சர்வரின் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை. அக்காவின் போன் நம்பர்தான் தேதி, நேரத்தோடு இருக்கிறது. நாளை ஸ்கிரிப்ட் ஓடி அத்தனை குழந்தைகளின் விவரமும் இறங்கினால், அத்தனை வரிக்கும் எதிரே அதே நம்பர் இருக்கும். சைபர் கிரைம் போலீஸ் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். இதை அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். உங்கள் இரண்டு மெயிலுக்கு ஏன் பதில் இல்லை என்பதற்கு நான் ஒரு காரணம் யூகிக்கிறேன். இப்படிப்பட்ட சிறு நிறுவனங்களில் வாடிக்கையாளர் மெயில்பெட்டியைப் பார்ப்பவர் “பஸ் காட்டவில்லை”, “ஓடிபி வரவில்லை”, “கட்டிய ஃபீஸுக்கு ரசீது இல்லை” என்ற புகார்களை நாள் முழுக்கத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் டெஸ்டர், ஆகவே டெஸ்டர் மொழியில் எழுதியிருப்பீர்கள். அவருக்கு அது புரிந்திருக்காது, யாருக்கு அனுப்புவது என்றும் தெரிந்திருக்காது. இது நிறுவனத்துக்கு மன்னிப்பு இல்லை. நீங்கள் தட்டிய கதவு சரியான கதவு இல்லை, அவ்வளவுதான்.

சரியான கதவு பள்ளி. செயலிக்குக் காசு கொடுப்பது பள்ளி. ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் பள்ளி. முகம் தெரியாத ஒருவரின் பத்து மெயிலைவிடத் தாளாளர் போடும் ஒரு போனுக்கு அந்த நிறுவனத்தில் மதிப்பு அதிகம். அங்கே பேச உரிமை உள்ளவர் நீங்கள் இல்லை, அக்கா. அவர்தான் தன் மகளின் விவரத்தைக் கொடுத்தவர், ஃபீஸ் கட்டுகிறவர். ஆகவே கடிதம் அக்கா பெயரில் இருக்கட்டும். தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட வேண்டாம். “என் மகளின் புகைப்படம், வீட்டு முகவரி, பேருந்தில் ஏறி இறங்கும் இடம், நேரம் ஆகியவற்றை இந்தச் செயலியில் வேறு பெற்றோர்களும் பார்க்க முடிகிறது. சரிசெய்யும்வரை புகைப்படத்தையும் முகவரியையும் நீக்கும்படியும், பேருந்து இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை நிறுத்திவைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.” இவ்வளவு போதும். தாளாளர் கையில் நேரடியாகக் கொடுத்து, நகலில் பள்ளியின் முத்திரையோடு தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்கும், இணையதளத்தில் குறைதீர் அலுவலர் பெயர் இருந்தால் அவருக்கும், ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். மெயிலுக்குத் தானாகப் பதில் போகும். ஒப்புகை அட்டையில் மனிதர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கூடவே செர்ட்-இன். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களுக்குப் பொறுப்பான மத்திய அரசு அமைப்பு அது. ஓட்டை கண்டவர் அதற்குத் தெரிவித்தால் நிறுவனத்தோடு பேசிச் சரிசெய்ய வைக்கும் ஒருங்கிணைப்பு நடைமுறை ஒன்றை வைத்திருக்கிறது. அங்கே மட்டும் தொழில்நுட்ப விவரத்தை நீங்கள் முழுசாக எழுதலாம். எந்தக் கோரிக்கை, எந்த இடத்தில் சரிபார்ப்பு இல்லை, நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்று எழுதுங்கள். மற்றக் குழந்தைகளின் பெயரோ படமோ ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே எண்ணை மாற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்பதால், அனுப்புவதற்கு முன் சைபர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்கள் பற்றியும் அவரிடமே கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வந்தது என்று தனியே எழுதி வைத்துக்கொண்டு, அக்கா மகளின் பக்கத்தைத் தவிர மற்றவற்றை அழிப்பதுதான் முறை என்பது என் கருத்து. ஆனால் வக்கீலைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

எத்தனை நாள் காத்திருப்பது? மென்பொருள்களில் ஓட்டை தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, கண்டதை வெளியிடும் முன் நிறுவனத்துக்கு 90 நாள் கொடுக்கும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் செர்ட் மையம் 45 நாள் கொடுக்கும். இங்கே குழந்தைகள் இறங்கும் இடம் தினமும் தெரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவு பொறுமைக்கு நியாயம் இல்லை. போட்டோவையும் முகவரியையும் நீக்க ஒரு வாரம், ஓட்டையை முழுசாக அடைக்க ஒரு மாதம் என்று நானாக இருந்தால் கேட்பேன்.

ஒரு வாரத்தில் பள்ளி அசையவில்லை என்றால் மற்றப் பெற்றோர்களிடம் பேசலாம். அவர்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் எண்ணை எப்படி மாற்றுவது என்று யாருக்கும் விளக்காதீர்கள். “இந்தச் செயலியில் பிள்ளைகளின் விவரம் பாதுகாப்பாக இல்லை, உங்கள் குழந்தையின் படத்தையும் முகவரியையும் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்” என்று சொன்னால் போதும். இருபது பெற்றோர் சேர்ந்து தாளாளர் அறைக்குப் போனால் அதற்குப் பிறகு பெரும்பாலும் வேறெதுவும் தேவைப்படாது. ஒரு மாதமும் போய்விட்டால் பத்திரிகை. நிருபருக்குக் கடித நகல்களும் ஒப்புகை அட்டைகளும் கொடுங்கள். தரவு கொடுக்காதீர்கள். அக்கா சம்மதித்து, தன் மகளின் விவரம் எப்படித் தெரிகிறது என்று தானே பேசினால் செய்திக்கு அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

நிறுவனத்துக்குத் தண்டனையே கிடைக்காதா என்ற கோபம் மிச்சம் இருக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, போதுமான பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் விஷயத்தில் இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்கும் வழி ஒன்றும் உண்டு. மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். 2010இல் தமிழ்நாட்டில் அந்த வழியாகத்தான், போலி மெயிலால் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவானது. அங்கே நஷ்டத்தைக் காட்ட வேண்டும், அதனால் இப்போதைக்கு உங்கள் அக்காவுக்கு அது பொருந்துமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தில் அந்த வழியும் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

தாளாளரைப் பார்க்க அக்காவோடு நீங்களும் போங்கள். “எங்கள் செயலியில் அப்படி நடக்காது” என்று நிறுவனத்து ஆள் போனிலேயே மறுப்பார். அப்போது லேப்டாப்பைத் திறந்து வேறு குழந்தையின் பக்கத்தைக் காட்டும் ஆசை உங்களுக்கு வரும். காட்டாதீர்கள். “பள்ளியே இரண்டு சோதனைக் கணக்கு உண்டாக்கட்டும், நிறுவனம் எழுத்தில் அனுமதி கொடுக்கட்டும், உங்கள் எதிரிலேயே ஐந்து நிமிடத்தில் காட்டுகிறேன்” என்று சொல்லுங்கள். நாங்கள் தொழிலில் செய்வதும் அப்படித்தான். அனுமதிக் கடிதம் கையில் வராமல் ஒரு எண்ணைக்கூட மாற்ற மாட்டோம். அக்கா எழுதும் கடிதத்தின் வரைவை, பள்ளியின் பெயரையும் செயலியின் பெயரையும் மறைத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.